கொய்யா மரத்தில் இல்லாத குளவி

நெஞ்சைப் பிளந்து வேலை பார்க்கச் சம்மதித்த ஒரு மனிதர், தலையைத் திறந்து காட்ட மட்டும் ஏன் அப்படிப் பயந்தார்? எங்கள் தெருவில் இந்தக் கேள்வியைப் பலரும் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அப்போது விடை தெரியவில்லை. நடந்ததை ஒழுங்காக, யாருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தால் விடை தானாக வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

தெருமுனையில் சலூன் வைத்திருப்பவரை எல்லோரும் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அப்படி ஒரு முடி தலையில் இருக்கும்போது வேறு பெயர் எப்படி நிற்கும்? கன்னங்கரேலென்று, அலை அலையாக, நெற்றியில் ஒரு சுருள் மட்டும் தனியாகத் தொங்கும். கடை நாற்காலியில் உட்காருகிறவர் கண்ணாடியில் முதலில் பார்ப்பது தன் முகத்தை அல்ல, பின்னால் கத்தரியோடு நிற்பவரின் முடியைத்தான். பார்த்ததும் ஒரு பெருமூச்சு வரும்.

"இந்த வயசுல எப்படிண்ணே இது?"

"மனசுல கவலை இல்லாம இருந்தா முடி தானா நிக்கும் தம்பி."

தெருவிலேயே அதிகக் கவலையோடு வாழ்ந்தவர் அவர்தான். மழை வந்தால் கவலை. காற்று அடித்தால் கவலை. கடையில் மின்விசிறியை ஒன்றாம் எண்ணுக்கு மேல் வைக்கவே மாட்டார். வாடிக்கையாளர் வேர்த்து வழிந்து, "அண்ணே, கொஞ்சம் வேகமா வைங்க" என்றால், "வெட்டின முடி கண்ணுல பறக்கும்" என்று சொல்லிவிடுவார். பறந்துவிடுமோ என்று அவர் பயந்தது வெட்டின முடியை அல்ல.

கல்யாணத்துக்கு முன்பே அவர் தலை வழுக்கையாகிவிட்டது. முடி வெட்டுகிறவன் தலையில் முடி இல்லை என்றால் யார் நம்பி உள்ளே வருவார்கள் என்று பயந்து, கடையைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனார். அங்கே விக் செய்கிறவரிடம் அவருடைய தலை அளவுக்குச் சுருட்டை முடி மட்டும்தான் இருந்தது. மிச்சமிருந்த நாலு நேரான முடியோடு போனவர் சுருட்டையோடு திரும்பினார். கேட்டவர்களிடம், "தண்ணி மாறிச்சு, சுருண்டுக்கிச்சு" என்றார். அந்தத் தெருவில் முடி வெட்ட வேறு கடை இல்லாததால், எல்லோரும் தலையை ஆட்டி வைத்தார்கள். அந்த முடியோடு பெண் பார்க்கப் போனார், அந்த முடியோடு கல்யாணம் செய்துகொண்டார். மனைவி முன்னால் ஒரு நாள்கூட அதைக் கழற்றியதில்லை. குளிப்பது, துடைப்பது, ஒட்டுவது எல்லாம் கடை ஷட்டரை இறக்கிவிட்டுத்தான்.

இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடாவைத்தான் அவர் வழக்கமாக வைப்பார். வேர்வையில் அது அடிக்கடி விட்டுப் போகும். ஒரு தடவை விக் கடைக்காரர் புதிதாக ஒரு பசை பாட்டிலை நீட்டி, "இதைப் போடுங்க, புயல் அடிச்சாலும் அசையாது" என்றார். சுருட்டை ஆசையோடு வாங்கி வந்து, ஒரு சாயங்காலம் தாராளமாகப் பூசி ஒட்டிக்கொண்டார்.

முடி அசையவில்லை. முகம்தான் கிளம்பிவிட்டது. விடிவதற்குள் நெற்றி வீங்கி, கண் இரண்டும் மூடி, உதடு தடித்து, மூச்சு விசில் அடித்தது. தட்டுத் தடுமாறிக் கடைக்கு ஓடி, எண்ணெயை ஊற்றித் தேய்த்துப் பசையைப் பிய்த்தெடுத்த பிறகுதான் மூச்சே சீரானது. பழைய நாடாவை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மனைவி அலறினாள்.

"ஐயையோ! என்னங்க இது, மூஞ்சி பூசணிக்கா மாதிரி?"

"குளவி," என்றார் சுருட்டை. வாயில் வந்தது அதுதான்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து வீடு அவள் தம்பியின் வீடு. தம்பி வீட்டுக் கொய்யா மரம் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் சாய்ந்து நின்றது. அவ்வளவுதான், முடிவு எடுத்துவிட்டாள்.

"டேய்! உன் மரத்துக் குளவி என் வீட்டுக்காரர் உயிரையே எடுக்கப் பாத்துடுச்சுடா! மரத்தை வெட்டுறியா, இல்ல அக்கான்னு கூப்பிடறதை விடுறியா?"

"அக்கா, இந்த மரத்துல கூடே கிடையாதுக்கா..."

"அப்ப மாமா மூஞ்சி தானா வீங்கிச்சா?"

மாமாவின் மூஞ்சியைப் பார்த்த மச்சான் கோடாரியை எடுத்தார். மரத்தை வெட்டிவிட்டார். ஆனால் அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. அந்த மரத்தில் அதிகம் பழம் தின்றவர் சுருட்டைதான். அவர் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பார், நெற்றிச் சுருளைத் தொட்டுப் பார்ப்பார், வாயை மூடிக்கொள்வார். இப்படியே காலம் ஓடியது.

பிறகு ஒரு நாள், ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி வலி வந்தது. பாதி முகத்தில் நுரையோடு அந்த வாடிக்கையாளர்தான் அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அடைப்பு. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டரம்மா பொறுமையானவர். சுருட்டையையும் மனைவியையும் எதிரில் உட்கார வைத்து, ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார்.

"கால்ல இருந்து ஒரு ரத்தக் குழாயை எடுத்து, அடைப்பைச் சுத்திப் போற மாதிரி இங்க தைப்போம். ஊசி போன ஓட்டை வழியா சில சமயம் ரத்தம் கசியும். அழுத்திப் பிடிச்சா பெரும்பாலும் நின்னுடும். நிக்கலைன்னா அது மேல ஒரு பசை வைப்போம்."

"பசையா?" சுருட்டையின் கை தானாக நெற்றிக்குப் போனது.

"குழாயைப் பிடிச்சு வைக்கிறது தையல்தான். பசை கசிவை அடைக்க மட்டும். அதுலயும் ஆபத்து உண்டு, சொல்லிடறேன். ஒரு துளி குழாய்க்குள்ள போயிட்டா அதுவே புது அடைப்பு ஆயிடும். சில பசை உள்ள வெச்சப்புறம் ஊதிப் பெருத்து பக்கத்துல இருக்கறதை அழுத்தும். ரொம்ப வெச்சா சதை கெட்டுப் போகும். அபூர்வமா சில பேருக்கு உடம்பே ஏத்துக்காது. வீங்கும், மூச்சு திணறும். அதனாலதான் கேக்கறேன். எந்தப் பசையாவது, பிளாஸ்டராவது, மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

சுருட்டை டாக்டரம்மாவைப் பார்த்தார். பக்கத்தில் மனைவியைப் பார்த்தார். நெஞ்சு, இருந்த அடைப்பையும் மீறி, படபடவென்று அடித்துக்கொண்டது.

"இல்லைங்க டாக்டர்."

"ஏங்க, மறந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. "இவருக்குக் குளவி ஆகாது டாக்டர். ஒரே ஒரு கொட்டு. கண்ணு தெரியலை, மூச்சு விட முடியலை. ஒரு மரத்தையே வெட்ட வேண்டியதாப் போச்சு."

"நல்லவேளை சொன்னீங்க," என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

அந்தக் குளவி இப்போது ஆஸ்பத்திரிக்குள்ளும் வந்துவிட்டது. சுருட்டையின் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டி, அதில் "குளவி" என்று எழுதினார்கள். கட்டிலுக்கு மேலே ஒரு அட்டையிலும் எழுதித் தொங்கவிட்டார்கள். வார்டு நர்ஸ் காலையிலும் மாலையிலும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். ஓர் ஈ உள்ளே வந்தாலும் பக்கத்துக் கட்டில்காரர், "சிஸ்டர்! பறக்குது! பறக்குது!" என்று கத்தினார். காற்று இல்லாமல் வார்டே புழுங்கியது. வாழ்நாள் முழுக்க மின்விசிறிக்குப் பயந்தவர், "இதெல்லாம் என்னாலதானா?" என்று போர்வைக்குள் முனகினார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம், நோயாளிகளுக்கு முடி எடுக்கிற ஆள் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் சின்ன மெஷின். சுருட்டையின் சட்டையைத் திறந்து நெஞ்சில் மெஷினை வைத்தார்.

"முடி வளர்ற திசைக்கு எதிர்ல போங்க," என்றார் சுருட்டை.

"தெரியும் சார்."

"தோலை இழுத்துப் பிடிச்சுக்கணும்."

"சார், இது கல்யாண மாப்பிள்ளைக்குச் செய்யற அலங்காரம் இல்ல. நீங்க என்ன வேலை?"

"சலூன்."

"அதானே பார்த்தேன், கை சும்மா கிடக்குது வாய் சும்மா கிடக்கலையேன்னு." அந்த ஆள் சிரித்துக்கொண்டே கழுத்துப் பக்கம் வந்தவர் அப்படியே நின்றார். குனிந்து நெற்றி ஓரத்தைப் பார்த்தார். பிறகு காது ஓரத்தைப் பார்த்தார். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனை ஏமாற்ற முடியாது.

"நல்ல சரக்கு சார்," என்றார் மெல்ல. "ஆனா ஆபரேஷன் தியேட்டருக்குள்ள இதோட போக முடியாது. கழட்டித்தான் ஆகணும்."

சுருட்டை அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். என் வீட்டுக்காரிக்குத் தெரியாது."

"நம்ம தொழில்காரராப் போயிட்டீங்க. ஒண்ணு செய்யறேன். தியேட்டர் வாசல் வரைக்கும் துணித் தொப்பி மாட்டிக் கூட்டிட்டுப் போறேன். உள்ள போனதும் கழட்டிப் பையில போட்டு வெச்சுக்கறேன். வெளிய வந்து கண்ணு முழிக்கிற வரைக்கும் தொப்பி இருக்கும். அப்புறம் உங்க பாடு."

சுருட்டைக்குப் பாதி உயிர் வந்தது. முடி தப்பித்தது. ஆனால் மீதிப் பாதியில் டாக்டரம்மாவின் கேள்வி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. எந்தப் பசையாவது?

'அது மண்டைப் பசை, இது நெஞ்சுப் பசை. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். 'அங்க மூஞ்சி வீங்கிச்சு. இங்க என்ன வீங்கும்?' என்று மனது திருப்பிக் கேட்டது. அன்று எண்ணெயை ஊற்றித் தேய்த்துப் பிய்த்தெடுத்தார், பிழைத்தார். நெஞ்சைத் தைத்து மூடிய பிறகு உள்ளே யார் எண்ணெய் ஊற்றுவார்கள்?

இந்த நிலைமையில்தான் மாலையில் பார்வையாளர் நேரத்தில் மச்சான் வந்தார்.

இத்தனை காலம் பேசாதவர் கதவருகே தயங்கி நின்றார். கையில் ஒரு துணிப்பை. அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, எப்படி இருக்கீங்க?"

"வா மச்சான், வா, உக்காரு."

"கொய்யாப்பழம் கொண்டாந்தேன். சந்தையில வாங்கினதுதான்," என்றார் மச்சான். "குளவி எதுவும் இல்ல, ஒவ்வொண்ணா துடைச்சு வெச்சிருக்கேன். அன்னிக்கும் ஒரு கிளை விடாம பார்த்தேன் மாமா. கூடு ஒண்ணுமே இல்ல. ஆனா உங்க மூஞ்சியைப் பார்த்தப்புறம் வெட்டாம இருக்க மனசு வரலை."

சுருட்டை போர்வையைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"இப்ப எதுக்குடா பழைய கதை? பையைக் கொடு," என்று அக்கா பையைப் பிடுங்கி வாயைத் திறந்தாள்.

உள்ளிருந்து, கனிந்த பழத்தின் வாசனையோடு, மஞ்சள் இடுப்புக் குளவி ஒன்று நிதானமாக வெளியே வந்தது.

"குளவி!" என்று பக்கத்துக் கட்டில்காரர் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்தார். மச்சான் செருப்பைக் கழற்றி வீசினார். அது குளுக்கோஸ் கம்பியில் பட்டுத் திரும்பி அவர் தலையிலேயே விழுந்தது. அடுத்த கட்டிலில் வேலையாக இருந்த முடி எடுக்கிற ஆள் மலச்சட்டியைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு சுருட்டையின் முன்னால் நின்றார். மனைவி போர்வையைக் கணவர் தலைக்கு மேலும் இழுத்து மூடினாள். குளவி ஏற்கெனவே அந்தப் போர்வைக்குள் போயிருந்தது.

"ஆ!" என்றார் சுருட்டை, உள்ளிருந்து.

கொட்டிவிட்டது. புறங்கையில்.

டாக்டரம்மா ஓடிவந்தார். ஊசி மருந்து வண்டி தடதடவென்று உருண்டு வந்தது. எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று அந்தக் கையையே பார்த்தார்கள். மச்சான், "நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று அழ ஆரம்பித்தார். மனைவி அழுதுகொண்டே அவர் முதுகில் அடித்தாள்.

கையில் ஒரு சின்னத் தடிப்பு வந்தது. சிவந்தது. அரித்தது. அவ்வளவுதான். நேரம் போயிற்று, ஒன்றுமே ஆகவில்லை. டாக்டரம்மா நாடியைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ரத்த அழுத்தத்தைப் பார்த்தார்.

"மூச்சு விடறதுக்குக் கஷ்டமா இருக்கா?"

"இல்லைங்க."

"உதடு, நாக்கு?"

"நல்லா இருக்குங்க." அதைவிடப் பரிதாபமாக ஒருவர் 'நல்லா இருக்கு' என்று சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

"இவருக்குக் குளவி ஒத்துக்காதுன்னு யார் சொன்னது? அப்ப அன்னிக்கு எதனால வீங்கிச்சு?"

"அது பழைய குளவி டாக்டர், பெரிய சைஸ்," என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்ப எல்லாம் சரியாப் போயிடுச்சு. உடம்பு தேறிட்டாரு!"

டாக்டரம்மா முகத்தில் சந்தேகம் போகவில்லை. சுருட்டையைப் பார்த்து, "வேற எதுவும் இல்லைதானே? நாளைக்கு எந்தப் பொருளையும் பயமில்லாம பயன்படுத்தலாமா?" என்று கேட்டார்.

முடி எடுக்கிற ஆள் மலச்சட்டிக்குப் பின்னாலிருந்து சுருட்டைக்கு ஒரு சைகை காட்டினார். தன் தலையைத் தொட்டு, வாயில் விரலை வைத்தார். 'உங்க ரகசியம் பத்திரம்' என்று அர்த்தம். உண்மைதான், பத்திரமாகவே இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் தலையை ஆட்டினால் போதும்.

சுருட்டை தலையை ஆட்டத்தான் போனார். எதிரில் மச்சான், ஒரு காலில் செருப்போடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'மாமா பிழைச்சுட்டாரு' என்ற சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். சுருட்டையால் அதைப் பார்க்க முடியவில்லை. நெற்றி ஓரத்தில் இரண்டு விரலை விட்டார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

சர்ர்ர் என்று நாடா கிழிகிற சத்தம் அந்த வார்டு முழுக்கக் கேட்டது.

"அன்னிக்குக் கொட்டினது குளவி இல்ல டாக்டர்," என்றார், முடியை மடியில் வைத்துக்கொண்டு. விளக்கு வெளிச்சத்தில் தலை பளபளத்தது. "இதை ஒட்டின பசை."

முதலில் பேசியது மனைவிதான்.

"முடி பொய்யின்னு எனக்குக் கல்யாணம் ஆன மாசமே தெரியும்."

"தெரியுமா?"

"தலையணையில ஒரு முடிகூட உதிராத ஆம்பளையை எங்கயாவது பாத்திருக்கீங்களா? சரி, மனுஷன் ஆசைப்படறாரு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்." குரல் மெல்ல மெல்ல ஏறியது. "ஆனா குளவியும் பொய்யா? அந்தக் குளவிக்காக என் தம்பியோட நான் பேசாம இருந்தேனே!"

"என் மரம்!" என்றார் மச்சான். இன்னொரு செருப்பும் கைக்கு வந்தது.

"அடிக்கறதா இருந்தா ஆபரேஷனுக்கு அப்புறம் அடிங்க," என்று டாக்டரம்மா நடுவில் வந்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. ஆனால் உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது அந்தச் சிரிப்பு இல்லை. எவ்வளவு நேரத்தில் வீங்கியது, மூச்சு எப்படி இருந்தது, எப்போது சரியானது என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அந்தப் பசை பேரு என்ன?"

சுருட்டைக்குப் பெயர் ஞாபகம் இல்லை. ஆனால் பாட்டிலை அவர் எறியவில்லை. காசு கொடுத்து வாங்கியதை எறிகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கடையில் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. யார் போய் எடுத்து வருவது? எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள்.

"மரத்தையும் நானே வெட்டணும், பாட்டிலுக்கும் நானே ஓடணுமா?" என்று திட்டிக்கொண்டே மச்சான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடினார்.

பாட்டில் வந்தது. டாக்டரம்மா அதில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். ஒரு தடவை படித்தவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"நாங்க நாளைக்குத் தயாரா வெச்சிருந்த பசையும் இதே இனம்தான். எங்களுது சுத்தப்படுத்தினது, அவ்வளவுதான் வித்தியாசம். உள்ள வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனா ஆகியிருந்தா, மார்புக்குள்ள போய் அதைச் சுரண்டி எடுக்க எங்களால முடியாது." பாட்டிலை மேஜை மேல் வைத்தார். "நான் கேட்டப்பவே ஏன் சொல்லலை?"

"டாக்டர், நீங்க நெஞ்சைத் திறக்கும்போது நான் மயக்கத்துல இருப்பேன்," என்றார் சுருட்டை. "தலையைத் திறக்கும்போது முழிச்சுக்கிட்டு இருக்கணுமே."

ஆபரேஷனைத் தள்ளிவைத்து, தோல் டாக்டரையும் வரவழைத்துப் பார்த்துவிட்டுத்தான் செய்தார்கள். பசையே இல்லை. எல்லாம் தையல். கசிந்த இடத்தில் பஞ்சுத் துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றதில் கை கடுத்துவிட்டது என்று டாக்டரம்மா பிறகு சொன்னாராம். மேல் தோலைக்கூட ஒட்டாமல் நூலால்தான் தைத்தார்கள். இப்போது சுருட்டையின் மணிக்கட்டுப் பட்டையில் குளவி இல்லை. அதற்குப் பதிலாகப் பசை என்று எழுதியிருந்தது.

கண் விழித்ததும் சுருட்டை முதலில் தொட்டது நெஞ்சை அல்ல, தலையை. தொப்பி இருந்தது. கொஞ்சம் யோசித்து அவரே அதைக் கழற்றிவிட்டார். புழுக்கமாக இருந்ததாம்.

இப்போது கடையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. விக் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. காற்றில் அதுவும் ஆடுகிறது. வாடிக்கை குறையும் என்று நினைத்தார், குறையவில்லை. எல்லோருக்கும் எப்போதோ தெரியும் என்பதுதான் அவரைக் கொஞ்சம் நோகடித்தது. "தண்ணி மாறிச்சுன்னு சொன்னப்ப தலையாட்டினீங்களேடா!" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சண்டை போட்டார். பெயர் மட்டும் மாறவில்லை. பளபளக்கும் மொட்டைத் தலையோடு அவர் இன்றைக்கும் சுருட்டைதான்.

சாயம் பூசவோ கிரீம் தடவவோ யார் வந்தாலும், "இதுக்கு முன்னாடி எதாவது ஒத்துக்காம போச்சா? பொய் சொல்லாம சொல்லு" என்று கேட்காமல் பாட்டிலைத் திறப்பதில்லை. 'இல்லை' என்று சட்டென்று சொல்கிறவர்களை இன்னொரு தடவை கேட்பார். சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு கொய்யாக் கன்று நிற்கிறது. தண்ணீர் ஊற்றுவது சுருட்டையின் வேலை. ஒரு நாள் தவறினாலும் மச்சான் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மாமா, குளவி கேக்குது" என்பார். அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரிப்பார்கள். இவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது ஆபரேஷனுக்குப் போகப் போகிறார்களா? 'எதாவது ஒத்துக்காம போயிருக்கா' என்று டாக்டர் கேட்கும்போது அவர்கள் வெட்கப்பட்டு விழுங்கிவிடக்கூடியது ஏதாவது இருக்கலாம். முடிச் சாயம், விக் பசை, பொய் நகம், எதுவாகவும் இருக்கலாம். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். கேட்டவர்களும் இன்னொருவருக்குச் சொல்லட்டும். சுருட்டையே, "தாராளமா சொல்லு, என் தலைதான் இப்ப திறந்து கிடக்கே" என்று சொல்லிவிட்டார்.